பூமி தட்டை என்று சொன்ன மாப்பிள்ளை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரம் கடற்கரையில், கூட்டம் குறைவாக இருந்த ஒரு பக்கத்தில், நானும் என்னைப் பெண் கேட்டு வந்திருந்தவரும் நின்றுகொண்டிருந்தோம். சுண்டல் வாங்கப் போகிறோம் என்ற சாக்கில் இரண்டு வீட்டுக்காரர்களும் எங்களைத் தனியே விட்டுவிட்டு நகர்ந்திருந்தார்கள். பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "கடல் அந்தக் கடைசியில எப்படி வளைஞ்சு போகுது பாருங்க" என்றேன்.

அவர் நெற்றியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கங்க வளைஞ்சிகீது? மட்டமாதான கீது" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பூமி உருண்டையாச்சே. ஸ்கூல்ல பூகோள கிளாஸுக்கு மட்டம் போட்டுட்டீங்களா?" என்று சீண்டினேன்.

"கிளாஸுக்கெல்லாம் மட்டம் போட்டதில்லீங்க. மட்டம் பாக்கறதுதான் என் தொழிலே. பூமி தட்டைதாங்க."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடணும்னு தோணுச்சுங்க. அப்பால தெரிஞ்சு நீங்க பேஜாராயிடக் கூடாது பாருங்க" என்றார். பொரியை வாய்க்குக் கொண்டுபோன என் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடு செங்கல்பட்டில். நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை. அப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் மேஜையில் ஒரு பக்கம் பூமி உருண்டை இருக்கும், இன்னொரு பக்கம் பஞ்சாங்கம் இருக்கும். ஜாதகக் கட்டம் அவரே போட்டுப் பார்ப்பார். என் ஜாதகத்தில் செவ்வாய் ஏழாம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

செவ்வாய் தோஷம் இருக்கும் பெண்ணைக் கட்டினால் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். எத்தனையோ இடம் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, படிப்பு பிடித்திருக்கிறது, வேலை பிடித்திருக்கிறது என்பார்கள். ஜாதகம் போன கையோடு பேச்சு நின்றுவிடும். ஒரு வீட்டில் அந்தப் பையனின் அம்மா, "எங்களுக்கு ஒரே புள்ளைம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். ஏதோ நான் கத்தியை முந்தானையில் ஒளித்து வைத்திருப்பவள் மாதிரி. எனக்கு முப்பது தாண்டியது. அம்மா என்னைத் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போவாள். அங்கே கல்யாணம் ஆகாதவர்கள் கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி வந்து, அதே மாலையை வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டி வைக்க வேண்டும். எங்கள் பூஜை அறையில் என் மாலை நாராகக் காய்ந்து தொங்கியது.

அப்போதுதான் அச்சரப்பாக்கத்திலிருந்து இந்த வரன் வந்தது. விவசாயக் குடும்பம். அவர் ஊரப்பாக்கம் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர். அவர்கள் ஜாதகமே கேட்கவில்லை. "புள்ள வேணாம்னு சொல்லிட்டாம்மா" என்றார் அவருடைய அம்மா. தோஷம் இருப்பதை நாங்களாகவே சொன்னோம். அதற்கும் "அதெல்லாம் அவன் பாக்க மாட்டான்" என்றார். பெரிய சீர்திருத்தவாதி போலிருக்கிறது என்று எனக்குள் ஒரே சந்தோஷம்.

அந்த ஞாயிறு காலையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து திருவிடந்தைக்குப் போனோம். அங்கே பெருமாள் வராக அவதாரம். அசுரன் பூமியைப் பாயாகச் சுருட்டிக் கடலுக்குள் ஒளித்து வைத்ததையும், பெருமாள் பன்றி வடிவில் போய் மீட்டதையும் அப்பா வாத்தியார் குரலில் விவரித்தார். "பாயாட்டம் சுருட்டணும்னா தட்டையா இருந்தாதான சார் முடியும்?" என்று மாப்பிள்ளை கேட்டார். எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளைக்கு நல்ல நகைச்சுவை என்று அம்மா என் காதில் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கடற்கரையில் நிற்கும்போதுதான் அது நகைச்சுவையே இல்லை என்று தெரிந்தது. எனக்குச் சட்டென்று ஒரு சந்தேகம். "அதனாலதான் ஜாதகம் கேக்கலையா?" என்றேன்.

"ஆமாங்க. செவ்வாய், சனியெல்லாம் மேல மாட்டி வெச்ச வெளக்குங்க. வெளக்கு எறங்கி வந்து புருஷனைக் கொல்லுமா?"

இப்படி ஒருத்தர் என் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். சொன்னார். அதற்கு அவர் வைத்திருந்த காரணம் இது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? பொரியைக் காக்கைக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும்போது காரில் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "பூகோள வாத்தியார் வீட்டுக்குத் தட்டை மாப்பிள்ளையா? என் மாணவர்கள் கேட்டா காறித் துப்புவானுங்க" என்று குதித்தார். அம்மா மட்டும் அமைதியாக, "தட்டைன்னு நம்பினா இன்னா இப்போ? குடிக்கிறாரா, சிகரெட்டு பிடிக்கிறாரா?" என்று கேட்டாள்.

மார்கழி முடிவதற்குள் பதில் சொல்லுங்கள், தையில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் போனில் பேசினோம். காதல் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் பூமியைப் பற்றித்தான்.

அவர் சொன்னது இதுதான். வீடு கட்டும்போது நீளமான ட்யூபில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் இன்னொரு முனையை அந்தச் சுவரிலும் பிடிப்பார்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதை வைத்துத்தான் தளம் போடுவதே. "எத்தினி வூடு கட்டிட்டேன். எந்த ட்யூப்லயும் தண்ணி வளைஞ்சி நின்னு நான் பாத்ததில்லீங்க. உங்க ஊரு கொளவாய் ஏரி எவ்ளோ பெருசு? நடுவுல புடைச்சிக்கினா கீது?" என்றார்.

"நீங்க ஒரு வீட்டு அளவுக்குப் பாக்கறீங்க, பூமி ரொம்பப் பெருசு" என்றேன். எவ்வளவு பெரியது, அதில் எவ்வளவு வளையும் என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

"நான் பேசற அமெரிக்காக்காரங்களுக்கு இப்போ விடியற்காலை, நமக்குச் சாயங்காலம். தட்டையா இருந்தா எல்லாருக்கும் ஒரே நேரத்துல விடியணுமே" என்று மடக்கினேன். சூரியன் ஒரு டார்ச் லைட் மாதிரி தட்டுக்கு மேலே சுற்றுகிறது, எந்தப் பக்கம் வெளிச்சம் விழுகிறதோ அங்கே பகல் என்றார். கிரகணத்தில் நிலா மேல் விழும் பூமியின் நிழல் வட்டம் என்றேன். "தோசைக்கல்லு நிழலும் வட்டம்தாங்க" என்றார். ராக்கெட்டில் போனவர்கள் எடுத்த பூமி போட்டோவை அனுப்பினேன். கம்ப்யூட்டரில் செய்யலாம் என்றார். அதே கம்ப்யூட்டரில் வேலை செய்கிற நான், அப்படிச் செய்ய முடியாது என்று எப்படிச் சொல்வது?

ஆபீஸில் கேட்டேன். "பூமி உருண்டைன்னு எப்படி நிரூபிக்கிறது?" முதலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் அவரைப் போலவே எதிர்க்கேள்வி கேட்டேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்று, எல்லோரும் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அவரை மடக்குவதற்காக அந்தத் தட்டை வீடியோக்களையெல்லாம் நானும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க என் போன் அதையே கொண்டுவந்து கொட்டியது. ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது, ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று ஒரு நொடி தோன்றியது. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

என் கவலை பூமியைப் பற்றியதே இல்லை. நாளைக்கு ஒரு குழந்தை பிறந்து, அதற்குத் தடுப்பூசி போடும்போது, இவர் ஏதாவது வீடியோவைக் காட்டி வேண்டாம் என்பாரோ? டாக்டரை நம்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பாரோ? அதுதான் பயம். நேராகவே கேட்டுவிட்டேன். "எதைக் காட்டினா ஒத்துப்பீங்க?"

"கண்ணால பாக்கணுங்க. போட்டோ வேணாம், வீடியோ வேணாம். நான் வீடியோவைப் பாத்து இதை நம்பல. ட்யூபைப் பாத்து நம்பினேன். வீடியோ அப்பால வந்துது" என்றார். அதோடு, "நீங்க எதைப் பாத்தா தட்டைன்னு ஒத்துப்பீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு வந்ததெல்லாம் எரிச்சல்.

கப்பலைக் காட்டலாம் என்று அப்பா யோசனை சொன்னார். கப்பல் தூரம் போகப் போக முதலில் அடிப்பகுதி மறையும், பாய்மரம் கடைசியில் மறையும் என்பது பாடத்தில் வருவது. அதை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்திருக்கிறார். நிஜத்தில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "நான் எதுக்குப் பாக்கணும்? புத்தகத்துலதான் இருக்கே" என்றார்.

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகும் ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் பைனாகுலர் வாங்கினேன். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான், அப்பா, அம்மா மூன்று பேரும் மாமல்லபுரம் போனோம். அவர் பைக்கில் வந்து சேர்ந்தார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி பண்ணப் போற? அந்தப் பையன் செவ்வாய் ஒரு வெளக்குன்னு நம்பிக்கினு கீறார். அவரைப் போயி உருண்டைக்கு மாத்தினா, அப்புறம் செவ்வாயும் உருண்டை, நெசமான கிரகம்னு ஆயிடும். அவங்கம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கினு ஜோசியர்கிட்ட போவாங்க. உனக்கு இன்னா பைத்தியமா? அவரு தட்டைன்னே நம்பிட்டுப் போகட்டும்!" என்றாள். அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அவரை மாற்ற முடியாமல் போனால், கண்ணால் கண்டதையும் ஒப்புக்கொள்ளாத ஆளோடு வாழ முடியாது. மாற்றிவிட்டால், வந்த ஒரே வரனையும் என் கையாலேயே தொலைத்தவள் ஆவேன்.

கடற்கரையில் பைனாகுலரை வைத்துத் தேடினோம். அதிர்ஷ்டமோ என்னவோ, தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் வெள்ளை அடித்த கட்டடமும், சில கம்பங்களும் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றன. "இன்னாங்க இது, மாடி மட்டும் கீது, கீழ்த்தளத்தைக் காணோம்" என்றார். பைனாகுலரைத் திருகித் திருகிப் பார்த்தார். மாடி பெரிதாகத் தெரிந்ததே தவிர, கீழ்த்தளம் வரவேயில்லை. "பாத்தீங்களா!" என்று அப்பா கையைத் தட்டினார். "அலை மறைக்கலாம் சார்" என்றார் அவர்.

"சரி, உசரத்துக்குப் போய்ப் பாக்கலாம்" என்று கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். முட்டி வலி இருக்கிறது என்று அப்பா கடற்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும் மூச்சு வாங்க எங்கள் பின்னாலேயே ஏறி வந்தாள். மேலே நல்ல காற்று. பைனாகுலரே தேவைப்படவில்லை. அதே வெள்ளைக் கட்டடம், அதன் கீழே நீளமாகக் கறுப்பு உடம்பு, முழுக் கப்பல். பைனாகுலரில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டினார். "நாம ஏறி வர்ற நேரத்துல கப்பல் கிட்ட வந்திருக்கலாம். ட்யூப் மட்டம் பாக்கறப்ப ரெண்டு முனையிலயும் ஒரே நேரத்துல ஆள் நிக்கணுங்க. ஒரே ஆளு இங்கயும் அங்கயும் ஓடினா கணக்கு தப்பிடும். நீங்க இங்கயே நில்லுங்க. நான் கீழ போயி போன் பண்றேன்" என்று படிகளில் இறங்கிவிட்டார்.

அம்மாவும் நானும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றோம். கப்பல் தெற்குப் பக்கம் நகர்ந்திருந்தது. கறுப்பு உடம்பு இன்னும் நீளக் கோடாக முழுசாகத் தெரிந்தது. போன் அடித்தது. காற்றுச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆங், தண்ணிகிட்ட நின்னுட்டேன். எனக்கு இங்க வெள்ளை மட்டும்தான் தெரியுது. உங்களுக்கு?"

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வெள்ளை மட்டும்தான்னு சொல்லுடி. சொல்லு. உன் காலைப் புடிக்கிறேன்" என்று முணுமுணுத்தாள்.

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரே ஒரு வார்த்தை. அவர் அங்கே என் கண்ணை நம்பி நிற்கிறார். நான் இல்லை என்று சொன்னால் இல்லைதான். கப்பல் தூரம் போய்விட்டது, அவ்வளவுதான் என்று பூமியைத் தட்டையாகவே வைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். தையில் எனக்கு நிச்சயம் நடந்திருக்கும். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன்.

"கறுப்பு தெரியுதுங்க. முழுசாத் தெரியுது" என்றேன்.

போனில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா கையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அலை முட்டி உசரம்தாங்க கீது. அலை மறைக்கல" என்றார் கடைசியில். "நான் நெனச்சது தப்புங்க. என் ட்யூப்ல தண்ணி ஏன் மட்டமா நிக்குதுன்னு தெரியல. ஆனா இனிமே தட்டைன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஜெயித்தவள் குதிக்க வேண்டாமா? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டு, "அப்போ செவ்வாய்?" என்று கேட்டேன்.

"இன்னாங்க?"

"செவ்வாயும் நெசமா ஒரு கிரகம்தான். வெளக்கு இல்ல. என் ஜாதகத்துல ஏழுல இருக்கு. இப்போ உங்களுக்குப் பயமா இல்லையா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன். "ஒண்ணைத் தப்பா நெனச்சேன், தப்புன்னு தெரிஞ்சிடுச்சு. அதுக்கோசரம் பயப்படவும் ஆரம்பிக்கணுமாங்க? அவ்ளோ தூரத்துல ஒரு உருண்டை சுத்திக்கினு கீதுன்னா, அச்சரப்பாக்கத்துல நான் ஒருத்தன் கீறேன்னு அதுக்கு இன்னாங்க தெரியும்?"

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே, நானும் அழுதேன். மேலே ஏறி வந்த ஒரு வடநாட்டுக் குடும்பம், ஏதோ அசம்பாவிதம் போலிருக்கிறது என்று எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தது.

மாசியில் கல்யாணம் நடந்தது. அப்பா, சீடனைத் திருத்திவிட்ட பெருமையில், என் செவ்வாய் தோஷத்துக்கு ஒரு பரிகாரமும் செய்தார். "உங்க திருப்திக்குப் பண்ணிக்கோங்க மாமா" என்று இவர் மனையில் உட்கார்ந்தார். பூமி உருண்டை என்று ஊருக்கே பாடம் எடுத்த அப்பாவுக்குச் செவ்வாயைக் கண்டால் இன்னும் பயம்தான். எங்களுக்கு மகள் பிறந்து, அவளுக்குத் தடுப்பூசி போட்டபோது நான் வெளியே ஓடிவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இவர்தான். ட்யூபில் தண்ணீர் ஏன் மட்டமாக நிற்கிறது என்று இப்போதும் கேட்பார். பூமி பெரியது, ட்யூப் சின்னது என்று அப்பா விளக்குவார். எங்கள் இரண்டு பேருக்கும் பாதிதான் புரியும்.

அப்பா அறிவாளியா, இவர் அறிவாளியா, அன்று பொய் சொல்லச் சொன்ன அம்மா அறிவாளியா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. கறுப்பு தெரிகிறது என்று சொல்லிவிட்டு, காதில் அலைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், அவர் நம்பாமல் போய்விடுவாரோ என்று பயந்தேனா, நம்பிவிடுவாரோ என்று பயந்தேனா என்பது இன்று வரை எனக்கே விளங்கவில்லை.